4,000 திர்ஹம்

செப்டம்பர் 9, செவ்வாய்

துபாயில் செவ்வாய் என்றால் லேடீஸ் நைட். பார் வாசலில் பெண்களின் கையில் அடையாளப் பட்டை கட்டிவிடுவார்கள், உள்ளே இரண்டு மூன்று கிளாஸ் இலவசம். நாலு ஆண்கள் சேர்ந்து போனால் "கெஸ்ட் லிஸ்ட் முடிஞ்சுது." கூட ஒரு பெண் இருந்தால் அதே லிஸ்ட் திறக்கும். பார்காரர்களின் தாராளம் என்று நினைக்க வேண்டாம். இலவசக் கிளாஸின் விலை ஆண்கள் பில்லில் ஏறியிருக்கும். துபாயில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் ஆண். வாசலில் வடிகட்டாவிட்டால் உள்ளேயும் அதே ஏழுதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

யூனியன் ஸ்டேஷன், சாயங்காலம். மெட்ரோ பெட்டித் தரையில் இளஞ்சிவப்புக் கோடு. இந்தப் பக்கம் மூச்சு விட இடமில்லை, ஷூ நுனி கோட்டில் படாமல் நிற்கிறார்கள். பெண்கள் பகுதிக்குள் போனால் 100 திர்ஹம் அபராதம். அந்தப் பக்கம் ஒரு அக்கா பையை மடியில் வைத்துத் தூங்குகிறார்.

பெண்கள் குறைவு என்று ஹரியானாவோடு இதை ஒப்பிடுகிறார்கள். அங்கே பெண்ணைப் பிறக்கவே விடவில்லை. இங்கே இருப்பவருக்குப் பெண் இருக்கிறாள், சொந்த ஊரில் இருக்கிறாள். மனைவியைக் கூப்பிடச் சம்பளம் 4,000 வேண்டும், அல்லது 3,000மும் தங்குமிடமும். 2,500 வாங்குகிறவர் இரண்டு பிள்ளைக்கு அப்பாவானாலும் வாடகைக்காரர்கள் பாஷையில் 'பேச்சிலர்'தான். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள்: "எக்ஸிகியூட்டிவ் பேச்சிலர், தமிழ், வெஜ், கீழ் பெட்." அடியில் கிழித்துக்கொள்ள நம்பர் துண்டுகள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

டேட்டிங் ஆப்பிலும் அதே பேச்சிலர்தான் சிக்கல். ஆண்கள் படிக்காமல் எல்லோரையும் வலப்பக்கம் தள்ளுகிறார்கள். பெண்ணின் போன் நிரம்புகிறது. அவள் உயரம், மொழி, நாடு என்று ஃபில்டரை இறுக்குகிறாள். இவர்களுக்கு மேட்ச் இன்னும் குறைகிறது, இன்னும் கண்மூடித் தள்ளுகிறார்கள். மனைவியை ஊரில் விட்டு வந்தவரும் 'பேச்சிலர்' என்பதால் பெண்கள் முதலில் கேட்பது வயதோ வேலையோ இல்லை; "உண்மையான பேச்சிலரா, ரூம் பேச்சிலரா?" வாட்ஸ்அப் கால் இங்கே ஓடாது, வாய்ஸ் நோட்தான். லீவு நாளில் மணிக்கணக்காக பதிலே வராதவர் போட்டிம் என்ற கால் ஆப்பில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கலாம்.

ஆண்களுக்கு வேறு பொறி. ஐந்தே நிமிடத்தில் "நேரில் பார்ப்போம்" என்பாள், இடத்தையும் அவளே சொல்வாள், விலை பார்க்காமல் ஆர்டர் செய்வாள், போன் வந்ததாக எழுந்து போவாள். பில் மட்டும் மேசையில் இருக்கும். இடத்தை நீங்கள் சொல்லுங்கள். மறுத்தால் அதோடு விடுங்கள். தேரா பகுதியில் கார் கண்ணாடியில் செருகும் மசாஜ் கார்டும் இதே ரகம். நம்பி அறைக்குள் போனவர்கள் பர்ஸைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

3,900 வாங்குகிறவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

மனைவியை அழைக்கக் கல்யாணச் சான்றிதழ் போகிற வழி: முதலில் மாநில அரசு முத்திரை, பிறகு டெல்லி வெளியுறவு, அமீரகத் தூதரகம், கடைசியில் இங்கத்திய வெளியுறவு அமைச்சகம். கூடவே எஜாரி, அதாவது அரசுப் பதிவு, போட்ட வாடகை ஒப்பந்தம். பெட் ஸ்பேஸில், அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து, இருப்பவருக்கு அது எங்கே கிடைக்கும்? நம்மூர்க் கோப்பு சிக்கிக்கொள்வது வேறு இடத்தில்: சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. அனுப்பும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

விசா விண்ணப்பம் போட்டுத் தரும் டைப்பிங் சென்டரிலிருந்து போன். இனிஷியல்தான்.