நிலைக்கும் சுவருக்கும் நடுவே

மே 3

ராத்திரி பெய்த மழையில் மேற்கு ஜன்னலுக்குக் கீழே, உட்சுவரில் ஒரு ஈரக்கோடு இறங்கியிருக்கிறது. திரைச்சீலையைக் கழற்றிவிட்டு, காற்று நுழையும் சந்து எங்கே என்று பார்க்க மெழுகுவர்த்தியை ஏற்றிச் சட்டத்தின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனேன். மேலே சுடர் அசையவில்லை. இடது பக்கம் பாதி உயரத்துக்குக் கீழே வந்ததும் உள்பக்கமாகச் சாய்ந்தது. வாசல் நிலையிலும் அதே கதை, இரண்டு இடங்களில். பென்சிலால் குறித்து வைத்தேன்.

மே 4

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த பழைய பூச்சை எடுத்தேன். எப்போதோ யாரோ சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். பார்க்க உறுதியாக இருந்தாலும், மரத்தை ஒட்டி மயிரிழை போல நீளமாக ஒரு விரிசல். ஈரக்காற்றில் மரம் அகலவாக்கில் உப்பும், வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் அந்த அசைவு மிகச் சொற்பம். சிமென்ட்டுக்கோ வளைந்து கொடுக்கும் குணமே இல்லை. விரிசல் வழியே உறிஞ்சப்படும் தண்ணீர், வெளியேற வழியில்லாமல் மரத்தோடு ஒட்டியே கிடக்கிறது. இடது சட்டத்தின் அடியில் திருப்புளியால் குத்தினால் 2 செ.மீ. உள்ளே போகிறது. இத்தனை வருஷம் மழையைத் தாங்கிய மரம், அதைக் காப்பாற்ற வைத்த பூச்சாலேயே நைந்திருக்கிறது. மனசு கஷ்டமாகிவிட்டது.

மே 8

நான்கு நாள் காற்றாடக் காயவிட்டேன். நைந்ததை உளியால் கெட்டி மரம் வரும்வரை செதுக்கி, அதே ஜாதி மரத்தில் ஒரு துண்டை நார்வாக்குப் பார்த்து ஒட்டியாயிற்று.

மே 9

இடைவெளியில் முதலில் போவது நார். தேங்காய்த் தும்பும் சணலும் கலந்து, இடைவெளியைவிடக் கொஞ்சம் தடிமனாகக் கயிறாக முறுக்கிக்கொண்டேன். மரக்கலங்களில் பலகைகளுக்கு நடுவே நாரைத் திணித்து அடைப்பதும் இதே வேலைதான். அதற்குக் கலப்பத்து என்று தனிப்பெயரே உண்டு. அங்கே நாருக்குமேல் தார் அல்லது எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் போகும். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் நாரில் லேசாக ஆளிவிதை எண்ணெய் தடவினேன். தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது.

மே 10

மொண்ணையான மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி நாரை இறக்கினேன். வெளிப்பக்கம் 2 செ.மீ. பள்ளம் விட்டேன், பூச்சு பிடிக்க. வாசல் நிலையில் ஆர்வத்தில் அதிகம் திணித்துவிட்டேன் போல, சாயங்காலம் கதவு இடித்தது. நிலைக்கால் நடுவில் உள்ளே வளைந்திருந்தது. பாதி நாரைப் பிடுங்கியதும் கதவு பழையபடி சாத்தியது. ஒவ்வொரு முழம் இறக்கியதும் கதவைச் சாத்திப் பார்ப்பது நல்லது.

மே 11

ஜன்னலைச் சுற்றியுள்ள அகலமான சந்துக்குச் சுண்ணாம்புக் கலவை: நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த கரடு மணல் 3 பங்கு, வெடிக்காமல் இருக்க நறுக்கிய நார் கொஞ்சம். கையுறை, கண்ணாடி இல்லாமல் சுண்ணாம்பைத் தொடக் கூடாது. கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். சுவர் ஓரத்தை நனைத்துவிட்டு, ஒரே தடவையில் அடைக்காமல் 1 செ.மீ. கனத்துக்கு ஒரு பூச்சு வைத்தேன்.

மே 12

மதிய வெயில் நேராக விழுந்து, பூச்சில் குறுக்கே மூன்று வெடிப்பு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாக இறுகும். அதற்கு ஈரமும் வேண்டும், நாளும் வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் பொடிதான் மிஞ்சும். வெடித்ததைச் சுரண்டிவிட்டுத் திரும்ப வைத்தேன். மேலே ஈரச்சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

மே 17

அடுத்த பூச்சும் முடிந்தது. ஈரச்சாக்கு இன்னும் ஒரு வாரம் தொங்கட்டும்.

மே 18

வாசல் நிலையைச் சுற்றி 5 மி.மீ. சந்து. அவ்வளவு ஒல்லியான இடத்தில் சுண்ணாம்புக் கலவை நிற்காது. நன்றாகக் காய்ந்த நைசு மணலோடு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைச் சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்துக்குப் பிசைந்தேன். வெறும் மரத்தில் வைத்தால் மரம் எண்ணெயை உறிஞ்சி, கலவை உதிர்ந்துவிடும். அதனால் முதலில் மரத்துக்கு எண்ணெய் தடவியாயிற்று. கண்ணாடியைச் சுற்றி உதிர்ந்திருந்த மக்கையும் (புட்டி) இதே எண்ணெயில் சாக் பவுடர் பிசைந்து புதுப்பித்தேன்.

இதை எழுதாமல் தூங்கக் கூடாது: இந்த எண்ணெய் பட்ட துணியைக் கசக்கிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். குவியலில் அந்தச் சூடு வெளியேற முடியாது. துணிகளை வெளியே தனித்தனியாக விரித்துப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 2

எண்ணெய்க் கலவையில் தோல் கட்டிவிட்டது. அழுத்தினால் உள்ளே இன்னும் மெத்தென்று இருக்கிறது. மரம் அசையும்போது அது கூடவே போகும். ஜன்னல் கீழ்ச்சட்டத்தின் அடியில், தண்ணீர் சொட்டி விழுவதற்காக இழைத்த பள்ளம் பழைய பெயின்ட்டால் மூடியிருந்தது. சுரண்டித் திறந்தேன். அதை அடைத்தால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும்.

ஜூன் 6

ராத்திரி நல்ல மழை, காற்றும் மேற்கிலிருந்துதான். சுவர் காய்ந்தே இருக்கிறது. மெழுகுவர்த்தியோடு மறுபடி ஒரு சுற்று வந்தேன். ஜன்னல் இடது பக்கம் சுடர் நேராக நின்றது. வாசலில் குறித்த இரண்டு இடங்களிலும் அப்படியே. கதவு சாத்தும் விளிம்பில் மட்டும் கொஞ்சம் ஆடியது. அங்கே கலவை வேலைக்கு ஆகாது. கம்பளித் துணியைப் பட்டையாக வெட்டி அடிக்க வேண்டும். நாளைக்கு.