விளக்கே எரியாத மானிட்டரைத் திரும்ப எரியவைத்தது

பவர் பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை, படமும் இல்லை. 22 அங்குல எல்சிடி மானிட்டர், அடாப்டர் இல்லாமல் கரன்ட் நேராக உள்ளே போகும் வகை. சில வாரங்களாகவே காலையில் படம் வரத் தாமதமாகிக்கொண்டிருந்தது. முதலில் சில வினாடி, அப்புறம் ஒரு நிமிடம், கடைசியில் நாலைந்து முறை அழுத்தினால்தான் வரும். ஒருமுறை சூடேறிவிட்டால் நாள் முழுக்கச் சிக்கலில்லை. பாதி நோயை இந்த அறிகுறியே சொல்லிவிடுகிறது. ஆனாலும் வெளியே இருக்கும் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும்.

முதலில் பிளக் பாயின்ட். அதே சாக்கெட்டில் வேறொரு சாதனம் ஓடுகிறதா என்று பார்த்தாயிற்று, ஓடியது. அடுத்தது பவர் கேபிள். மானிட்டருக்கும் சிபியு பெட்டிக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி மூன்று முனைக் கேபிள்தான். இரண்டையும் மாற்றிச் செருகினால் சந்தேகம் தீர்ந்துவிடும். மானிட்டரின் சாக்கெட் கீழ்நோக்கி இருப்பதால் கேபிள் தன் எடையிலேயே இறங்கி, பார்வைக்குச் செருகியது போலவே இருக்கும். அழுத்திச் செருகிப் பாருங்கள். சில மாடல்களில் பின்பக்கம் தனியாக ஒரு சுவிட்சும் உண்டு.

அடாப்டர் வகை என்றால் மல்டிமீட்டரில் வோல்ட் சரியாகக் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். சுமை இல்லாதபோது 19 வோல்ட் காட்டும் பழைய அடாப்டர், மானிட்டர் கரன்ட் இழுத்ததும் படுத்துவிடும். அதே வோல்ட், செருகும் முனையில் அதே பிளஸ் மைனஸ் துருவம், அதற்குச் சமமான அல்லது கூடுதலான ஆம்பியர் கொண்ட வேறொரு அடாப்டரைப் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

பிறகு சிக்னல் கேபிளைக் கழற்றிவிட்டுப் பவரை மட்டும் கொடுக்க வேண்டும். திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற செய்தி வந்தால் மானிட்டரில் பெரிய பழுதில்லை. கேபிள், இன்புட் தேர்வு, கணினி ஆகியவற்றைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில் எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டு துளையில் செருகிவிட்டு மானிட்டரைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கும். விளக்கு எரிந்தும் திரை கறுப்பாகவே இருந்தால், இருட்டில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னொளிதான் போயிருக்கிறது.

இங்கே எந்தச் செய்தியும் இல்லை, விளக்கும் இல்லை. பவர் கேபிளைக் கழற்றி, பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்து, மறுபடி செருகியும் பயனில்லை. கட்டுப்பாட்டுச் சிப் உறைந்திருந்தால் மிச்ச மின்சாரம் வடிந்ததும் விழித்துக்கொள்ளும். அதற்காகத்தான் இந்த முயற்சி. கடைசியாக, கேபிளைக் கழற்றிய நிலையில் பின்பக்கக் காற்றுத் துளை வழியாக ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் மிதமான சூடு காட்டினோம். செருகியதும் விளக்கு எரிந்தது! எஸ்எம்பிஎஸ் போர்டில் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பலகை) கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளை) வற்றியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. உள்ளே இருக்கும் திரவம் வற்ற வற்ற அதன் உள் எதிர்ப்பு கூடும். குளிர்ந்திருக்கும்போது இன்னும் கூடும், சூட்டில் குறையும். காலையில் அடம்பிடித்ததும் இதனால்தான்.

இனி திறக்கும் வேலை. கேபிளைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து, மெத்தென்ற துணிமேல் திரை கீழே இருக்கும்படி வைத்து, ஸ்டாண்டையும் அதன் அடியில் ஒளிந்திருக்கும் திருகுகளையும் எடுக்க வேண்டும். சட்டத்தைக் கீழ் விளிம்பிலிருந்து பழைய பிளாஸ்டிக் அட்டையால் நெம்பினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். உலோக ஸ்க்ரூடிரைவர் நுழைந்தால் பேனல் ஓரம் உடையும். பட்டன் போர்டுக்குப் போகும் மெல்லிய ரிப்பன் சட்டத்தோடு சேர்ந்து வரும், இழுத்துவிடாதீர்கள். அதைத் திறந்த கையோடு பட்டன் சுவிட்சையும் மீட்டரில் பார்த்துவிடலாம். அழுத்தும்போது தொடர்பு வருகிறதா என்பதுதான் கேள்வி.

போர்டைத் தொடும் முன் ஒரு விஷயத்தில் சமரசமே கூடாது. அதிலுள்ள மிகப் பெரிய கெப்பாசிட்டர், 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்டிருப்பது, 230 வோல்ட் மின்சாரத்தில் சுமார் 325 வோல்ட் வரை தேக்கிவைக்கும். கேபிளைக் கழற்றிய பிறகும் அது உள்ளே நிற்கலாம். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் இரு கால்களுக்கும் குறுக்கே 10 வினாடி வைத்து, மீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது ஆபத்து, போர்டும் கருகும். இந்தப் படியில் தயக்கம் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

பியூஸ் நன்றாக இருந்தது. அது போயிருந்தால் புதியதைப் போட்டு உடனே ஆன் செய்யக் கூடாது. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடோ, சப்ளையில் சுவிட்சாக வேலை செய்யும் பவர் மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆனதால்தான் பெரும்பாலும் பியூஸ் போகிறது.

வெளியீட்டுப் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டும் தலை உப்பியிருந்தன. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்றுக் கூடுதலான வோல்ட், 105 டிகிரி, குறைந்த உள் எதிர்ப்பு வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண வகை போட்டால் சில மாதத்தில் மறுபடி உப்பும். உயரத்தையும் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள், அளவு கூடினால் மூடி இடிக்கும். பழையதை எடுக்கும் முன் துருவத்தைப் படம் எடுத்துவையுங்கள்: கெப்பாசிட்டரின் பட்டை இருக்கும் பக்கம் நெகட்டிவ். சால்டரிங் அயர்ன் 350 டிகிரி அளவில், பழைய ஈயத்தின்மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்து உருக்கினால் கால்கள் இலகுவாக விடும். உருகும் முன் இழுத்தால் செப்புத் தடம் பெயர்ந்துவரும், பிறகு வேலை இரட்டிப்பு.

மாற்றியதும் முதல் சோதனையை, மானிட்டருக்குக் கரன்ட் போகும் வழியில் 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுச் செய்தோம். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் ஷார்ட். இங்கே பல்பு மங்கியது, ஆனால் மானிட்டரின் விளக்கு வரவில்லை. மீட்டரின் கறுப்பு முனையை உலோகச் சட்டத்திலும் சிவப்பை 5 வோல்ட் என்று அச்சிட்ட இடத்திலும் முன்கூட்டியே கிளிப் மாட்டிவிட்டுப் பவர் கொடுத்தால், மீட்டர் 1 வோல்ட்டுக்கும் 3 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்குகிறது, கூடவே மெல்லிய டிக் டிக் சத்தம். சப்ளை கிளம்பப் பார்த்து ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறது.

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். சப்ளையை இயக்கும் சிப்பான கன்ட்ரோல் ஐசியின் பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கெப்பாசிட்டர், 22 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். ஐசி கிளம்புவதற்கான மின்சாரம் ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக மெதுவாக இதில் சேர்கிறது. ஐசி ஓடத் தொடங்கி டிரான்ஸ்ஃபார்மரின் துணைக் கம்பிச்சுருள் கைகொடுக்கும் வரை இதுவே அதைத் தாங்க வேண்டும். வற்றிப்போனால் தாங்காது, ஐசி நின்று, மறுபடி சேர்ந்து, மறுபடி நிற்கும். வற்றினாலும் இது பெரும்பாலும் உப்பாது, கண்ணுக்கு நல்லதாகவே தெரியும். பெரிய கெப்பாசிட்டரை மறுபடி வடித்து, இதைக் கழற்றி அளந்தால் 22 இருக்க வேண்டிய இடத்தில் 4 மைக்ரோஃபாரட். புதியது வைத்ததும் 5 வோல்ட் அசையாமல் நின்றது, விளக்கு எரிந்தது.

பழைய, பின்னொளிக்கு டியூப் வைத்த மானிட்டர்களில் படம் இரண்டு வினாடி தெரிந்து அணைந்தால் அது வேறு பழுது. டியூபோ, அதற்கு உயர் வோல்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர் போர்டோ சரியில்லாமல் பாதுகாப்புச் சுற்று நிறுத்துகிறது. இன்வெர்ட்டர் வெளியீடு நூற்றுக்கணக்கான வோல்ட், ஓடும்போது அருகே கை போகக் கூடாது. டியூபில் பாதரசம் இருப்பதால் உடையாமல் கையாளவும் வேண்டும்.

மூடும் முன் ரிப்பனைச் செருகி, பட்டன்கள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்து, ஒரு மணி நேரம் படம் ஓடவிட்டோம். ஆனால் சூடான நிலையில் பழைய கெப்பாசிட்டரும் ஓடியிருக்கும். அதனால் இரவு முழுக்கக் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் ஆறிக்கிடந்த மானிட்டரில் பட்டனை ஒரே முறை அழுத்தினோம். உடனே படம் வந்தது. அதற்குப் பிறகுதான் திருகுகளை முடுக்கினோம்.