இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு

"இனி எங்களால செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மருத்துவமனையில் சொன்னபோது, அப்பாவின் இரைப்பைப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் வலிக்கு என்று இருந்தது பாரசிட்டமால் மட்டும்தான். அதை வைத்து நான்கு ராத்திரிகளை ஓட்டினோம். அப்பா சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருப்பார். அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்தால் மட்டும் முனகுவார்.

எங்கள் தெருவில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் அக்காதான் வழி காட்டினார். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸும் உண்டாம். சிஸ்டர் வந்ததும் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. "ஐயா, பத்துக்கு எவ்வளவு வலிக்குது?" என்றார். அப்பா ஒன்பது விரல் காட்டினார். கூடவே இருந்த எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் எழுதித் தந்தது மார்ஃபின், அபினிலிருந்து எடுக்கும் கடும் வலிக்கான மருந்து. பெயரைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. சாதாரண மெடிக்கலில் கிடைக்காது. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியை 2014-ல் தளர்த்தியும், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் வாங்க முடியும். பழகிவிடுமோ, மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்தேன். "அளவா ஆரம்பிச்சு வலிக்குத் தகுந்தாப்ல ஏத்துவோம்ணா. அப்படி ஒண்ணும் ஆகாது" என்றார் சிஸ்டர்.

காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. ஒவ்வொரு வேளைக்கும் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வருவதற்கு முன்பே கொடுப்பது. மார்ஃபினால் மலச்சிக்கல் வரும், அதற்கான மாத்திரையைத் தவறவே விடக்கூடாது. முதல் இரண்டு நாள் ஒரே தூக்கம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, தென்னைக்குத் தண்ணி பாய்ச்சியாச்சா என்று கேட்டார்.

இதையெல்லாம் விடப் பெரிய பாடு அத்தையோடுதான். கடைசி வாரத்தில் அப்பா சாப்பாட்டை நிறுத்தியதும், "என் தம்பியப் பட்டினி போட்டுக் கொல்றீங்களா? டிரிப் ஏத்துங்கடா" என்று வாசலில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான். சிஸ்டர் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடாததால போகலம்மா. உடம்பு போறதுக்குத் தயாராகுது, அதான் பசிக்கல. இப்ப டிரிப் ஏத்துனா அந்தத் தண்ணி காலுலயும் நெஞ்சுலயும் தேங்கி மூச்சு வாங்கும்" என்றார். அப்புறம் பஞ்சை இளநீரில் நனைத்து அத்தை கையில் கொடுத்தார். உதடு காயாமல் ஒத்தி எடுப்பது அன்றிலிருந்து அத்தையின் வேலை. வேறு யாரையும் தொடவிடவில்லை.

விழுங்க முடியாமல் போனதும், மாத்திரையைப் பொடித்து இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்துக் கன்னத்தின் உட்புறம் தடவினோம். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தபோது ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னார்கள். ஒரு விடியற்காலையில், 6 மணி மாத்திரைக்கு முன்பே, அப்பா போய்விட்டார். வீட்டில் இறந்ததால் டாக்டரிடம் சான்று வாங்க வேண்டியிருந்தது, அது அன்றே கிடைத்தது.

காரியம் முடிந்ததும் மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்தேன். சிஸ்டர் எண்ணிப் பார்த்து, 23 என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். நோட்டை மூடிவிட்டு, "அத்தை சாப்பிடுறாங்களாண்ணா?" என்று கேட்டார்.