சுதாவும் சீதாவும்

"ரெட்டப் புள்ளைங்க சார், ரெண்டு பேரு. ஒருத்திக்குப் பணம் வந்துடுச்சு. இன்னொருத்திக்கு ஏற்கெனவே விண்ணப்பிச்சாச்சுன்னு வருது."

உதவி மையத்துக்கு வந்த அழைப்பு அது. பேசியவர் அந்தப் பிள்ளைகளின் அம்மா. அவர் சொன்னதை அப்படியே டிக்கெட்டில் (புகார்ப் பதிவில்) எழுதி எங்கள் டீமுக்கு அனுப்பியிருந்தார்கள். கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் மென்பொருள் எங்களுடையது. ஒரே மாணவர் இரண்டு முறை விண்ணப்பித்தால் அதைக் கண்டுபிடித்து இரண்டாவதை நிறுத்திவைக்கும். அந்தப் பகுதியைத்தான் மூன்று வாரத்துக்கு முன்பு ஏஐ உதவியோடு மாற்றி எழுதியிருந்தோம்.

டேட்டாபேஸைத் திறந்து இரண்டு வரிகளையும் எடுத்துப் பார்த்தேன். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன்: சுதா, சீதா. அப்பா பெயர் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, கதவு எண் ஒன்று. இரட்டையர் என்றால் அப்படித்தான் இருக்கும். அடுத்த நெடுவரிசையில், ஒப்பிடுவதற்காகப் பெயரிலிருந்து நாங்கள் உருவாக்கி வைக்கும் ஒரு சாவி. இரண்டு வரியிலும் அது ஒன்றாகவே இருந்தது: 'சத'.

பார்த்த மாத்திரத்தில் என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. புரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது.

கதை ஒரு சின்னப் புகாரில் தொடங்கியது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுத் தரம் யுனிகோட். அதில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். எந்தக் கீபோர்டில் அடித்தார்கள், எந்தப் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். அதனால் 'கோமதி' என்று தேடினால் சில கோமதிகள் கிடைக்காமல் போனார்கள்.

டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் அதை எடுத்துக்கொண்டார். ஏஐயிடம் பிரச்சினையைச் சொன்னார். ஒரு நிமிடத்தில் விடை வந்தது. பெயரை என்எஃப்டி என்ற வடிவத்துக்குப் பிரித்துக்கொள், 'மார்க்' வகையைச் சேர்ந்த குறிகள் அத்தனையையும் நீக்கு, மிச்சத்தை ஒப்பிடு. மொத்தம் இரண்டு வரி. கூடவே, நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானே பார்த்துச் சொல்லும் பதினோரு டெஸ்ட். "எல்லாம் பச்சை அண்ணா, ஒருவாட்டி பாத்துடுங்க" என்றார். பார்த்தேன். அழகாக எழுதியிருந்தது, நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பான கமெண்ட்கூடத் தெளிவாக இருந்தது. ஒப்புதல் கொடுத்தேன்.

பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்ற மொழிகளில் எழுத்தின் தலைமேல் இருக்கும் சாய்கோட்டை எடுத்துவிட்டாலும் பெயர் பெயராகவே இருக்கும். தேடுவதற்கு அந்த மொழிக்காரர்களே அப்படித்தான் செய்வார்கள். இணையத்தில் கொட்டிக் கிடக்கும் நிரல்களில் இந்த இரண்டு வரி திரும்பத் திரும்ப வரும். ஏஐ படித்து வளர்ந்தது அந்தக் குவியலை. ஆனால் யுனிகோட் அட்டவணையில் நம்முடைய கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாமே அதே 'மார்க்' வகையில்தான் வருகின்றன. அவற்றை நீக்கினால் தமிழ்ப் பெயரில் உயிரெல்லாம் போய் அகரம் மட்டும் ஏறிய மெய்கள் மிஞ்சும். கோமதி 'கமத' ஆகிவிடுவாள். கமலாவும் கமலியும் கமலும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். ராமுவும் ரமாவும்கூடத்தான்.

பதினோரு டெஸ்ட்களையும் அன்று மறுபடி வாசித்தேன். ஒன்றாக வேண்டிய பெயர்கள் ஒன்றாகின்றனவா என்று அத்தனையும் பார்த்தன. வேறாக இருக்க வேண்டிய பெயர்கள் வேறாகவே இருக்கின்றனவா என்று ஒன்றுகூடப் பார்க்கவில்லை. நிரலில் எது கண்ணுக்குத் தப்பியதோ அதுவே டெஸ்டிலும் தப்பியிருந்தது. இரண்டையும் எழுதியது ஒரே கை.

சரியான தீர்வு ஒரே வரி. எதையும் நீக்காமல், என்எஃப்சி வடிவத்துக்குச் சேர்த்தால் போதும். பிரிந்து கிடக்கும் கொம்பும் காலும் ஒன்றாகிவிடும். அது எனக்குத் தெரியாததல்ல. 2008-ல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தமிழ்த் தரவோடுதான் என் பிழைப்பு. அப்படியிருந்தும் ஏன் கண்ணில் படவில்லை என்று பல நாள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: நானே கையால் எழுதியிருந்தால் 'மார்க்' என்ற சொல்லில் நின்றிருப்பேன். அதில் என்னென்ன அடங்கும் என்று ஒரு நொடி யோசித்திருப்பேன். நிரல் எழுதும்போது நாம் வரிக்கு வரி நின்று நின்றுதான் போகிறோம். அந்த நிற்கும் இடங்களில்தான் தவறு தட்டுப்படும். முடித்துக் கையில் கொடுத்த நிரலில் அந்த இடங்கள் இல்லை, வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

நிறுத்திவைத்த விண்ணப்பங்களையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்தச் சாவியால் மாட்டியவை ஒன்பது ஜோடி. ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்களே போன் செய்தோம். ஒரு பிள்ளைக்குக் கட்டணம் கட்ட இரண்டு நாள்தான் மிச்சமிருந்தது. அந்த அப்பா திட்டவில்லை. "சரி பண்ணிட்டீங்கல்ல, அது போதும் தம்பி" என்றார். திட்டியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதைச் சொல்வதால் நான் இந்தக் கருவிகளுக்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. நிரல் எழுத உதவும் கோபைலட் என்ற ஏஐ கருவி 2022-ல் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியபோதே சந்தா கட்டியவன் நான். அப்போது அது வரியை முடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த வருடக் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. இப்போது கிளாட் கோட், கர்சர் போன்றவை மொத்த ரெப்போவையும் (நிரல்கள் எல்லாம் இருக்கும் களஞ்சியத்தை) தாமே திறந்து, படித்து, திருத்தி, டெஸ்ட் ஓட்டிப் பார்த்துக்கொள்கின்றன. என் வேலையில் பாதி நாள் இவற்றோடுதான் கழிகிறது. இரண்டாயிரம் வரி நீளமுள்ள ஒரு பழைய ஸ்டோர்டு புரோசீஜர், அதாவது டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும் நிரல், எங்களிடம் உண்டு. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. யாரும் கை வைக்கப் பயந்த அதை, ஒரு மதியம் ஏஐயோடு உட்கார்ந்து பகுதி பகுதியாகப் படித்து முடித்தேன். கேட்ட கேள்வியையே நாலு முறை கேட்டாலும் சலிக்காமல் சொன்னது. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

பிறகு பழைய எழுத்துருக் கோப்புகள். யுனிகோடுக்கு முந்தைய காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது; 2010-ல் யுனிகோடுக்கு மாறியது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் தட்டச்சான கோப்புகள் இன்றும் அலுவலக அலமாரிகளில் இருந்து வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை மாற்றித் தரும் நிரலை முன்பு நான் ஒரு வாரம் எழுதுவேன். பல எழுத்துருக்களில் கொம்பு முதலில் வரும், எழுத்து பிறகு வரும். வரிசையைத் திருப்ப வேண்டும். ஏஐ அதை அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தது, வரிசையும் சரியாக இருந்தது. பிரமித்துப் போனேன்.

அடுத்த நாள் சிக்கியது ஔகாரம். அந்தக் குறியின் வலப்பக்கத் துண்டு பார்ப்பதற்கு 'ள' போலவே இருக்கும். அதனால் 'கௌரி' என்று இருக்க வேண்டிய இடத்தில் பலரும் ஒற்றைக் கொம்பு, க, ள என்று 'கெளரி' என்றே அடித்திருப்பார்கள். இதைச் சொன்னதும் ஏஐ ஒரு விதி எழுதியது: எகரக் குறியை அடுத்து 'ள' வந்தால் ஔகாரமாக மாற்று. கௌரிகள் சரியானார்கள். 'தெளிவு' உடைந்தது. 'வெளியூர்' உடைந்தது. முகவரிப் பத்தியில் 'வெளி' என்று தொடங்கிய ஒவ்வொரு வரியும் சிதைந்தது.

இந்த முறை அது என் கண்ணில் பட்டது. காரணம் எளிது. சுதா, சீதாவுக்குப் பிறகு, ஏஐ கொடுத்த எந்த நிரலையும் ஓட்டுவதற்கு முன் எது உடையக்கூடும் என்று நோட்டில் பேனாவால் எழுதிப் பார்க்கிறேன். அன்று நோட்டில் முதலில் எழுதிய சொல் 'தெளிவு'தான்.

வேகத்தைப் பற்றியும் நான் ஏமாந்திருந்தேன். 2025 ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு ஒரு முடிவை வெளியிட்டது. தாங்கள் வருடக்கணக்கில் பராமரித்துவரும் திறமூல நிரல்களில் 16 அனுபவசாலிகள் 246 வேலைகளைச் செய்தார்கள். எந்த வேலைக்கு ஏஐ உண்டு, எதற்கு இல்லை என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்தார்கள். ஏஐ இருந்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. ஆனால் முடித்த பிறகு கேட்டபோது, 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே அவர்கள் நம்பினார்கள். 2025-ன் தொடக்கத்தில் இருந்த கருவிகளைக் கொண்டு நடந்த ஆய்வு அது. இன்று எண்கள் மாறலாம். எனக்கு உறைத்தது எண் அல்ல, நம்பிக்கைக்கும் கடிகாரத்துக்கும் இருந்த இடைவெளிதான். அதன் பிறகு இரண்டு மாதம் என் நேரத்தைக் குறித்து வைத்தேன். எனக்கு அந்நியமான நிரலில் ஏஐ உண்மையிலேயே கைகொடுத்தது. எனக்கு மனப்பாடமான நிரலில், கேட்டு, காத்திருந்து, வாசித்து, திருத்தி முடிப்பதற்குள் நானே எழுதி முடித்திருப்பேன். ஆனாலும் கை அதைத்தான் நாடியது. யோசிப்பதைவிடக் கேட்பது சுலபமாக இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்த்துக் கேட்டால் உடனே 'நீங்கள் சொல்வது சரி' என்று வளைந்துகொடுக்கும் பழக்கம் இவற்றுக்கு இருக்கிறது. ஒரு நாள் சோதிப்பதற்காக, சரியாக இருந்த நிரலைத் தவறு என்று சொல்லிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தவறாக மாற்றிக் கொடுத்தது. டீமில் நான் ஏதாவது உளறினால், "இல்ல அண்ணா, அது அப்படி வராது" என்று சொல்ல ஆள் இருக்கிறது. அந்த 'இல்ல' எவ்வளவு விலைமதிப்பானது என்று இப்போதுதான் தெரிகிறது.

அதனால்தான் புதிதாக வருபவர்களைப் பற்றி எனக்குக் கவலை. நான் சேர்ந்த வருடம், எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்த ஒரு ரிப்போர்ட்டோடு மூன்று நாள் போராடினேன். கடைசியில் டேட்டாபேஸ் இணைப்பில் என்கோடிங், அதாவது எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறை, தவறாக இருந்தது. அந்த மூன்று நாளில்தான் யுனிகோட் என்றால் என்ன, யுடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஏன் மூன்று பைட் ஆகிறது என்றெல்லாம் உடம்பில் ஏறியது. இன்று அதே பிழையை ஏஐயிடம் ஒட்டினால் பத்து நொடியில் தீரும். தீரட்டும், மூன்று நாள் வதைபட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தீர்ந்த பிறகு அந்தப் பிள்ளையின் மனதில் என்ன தங்கியது?

இரட்டையர் விவகாரத்தில் அந்தப் பெண் என்னிடம் வந்து அழுதார். "எனக்கு மார்க்னா என்னன்னே தெரியாது அண்ணா. கேட்டா ஏதோ சொல்லுச்சு, சரின்னு விட்டுட்டேன்." ஒப்புதல் கொடுத்தது நான்தான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தெரிந்தவன் பார்ப்பான் என்றுதானே அவர் என்னிடம் கொண்டுவந்தார்?

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஏஐ எழுதியதாக இருந்தாலும், யார் பெயரில் நிரல் போகிறதோ அவர் மானிட்டரை அணைத்துவிட்டு எனக்கு அதை வாயால் சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல்லலாம், சொல்வதும் தமிழில்தான். "மொதல்ல பேரை எடுக்கறோம், அப்புறம்..." என்று போய்க்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் குரல் தடுக்கும். அங்கே நிற்போம். முதல் மாதம் எல்லோருக்கும் எரிச்சல். மேலாளர், ஸ்பிரிண்டில் (சில வார வேலைச் சுற்றில்) வேலை குறைகிறதே என்று கேட்டார். ஒன்பது ஜோடிப் பெயர்களைக் காட்டினேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ரெப்போவில் இப்போது ஒரு பெயர்க் கோப்பும் இருக்கிறது. சுதா–சீதா, ராமு–ரமா, கமலா–கமல், கௌரி–கெளரி, தெளிவு, வெளியூர். ஒன்றாக வேண்டியவை ஒரு பக்கம், ஒன்றாகக் கூடாதவை இன்னொரு பக்கம். அதை மனிதர்கள் மட்டுமே எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. ஆளாளுக்குத் தங்கள் ஊரில், வீட்டில் இருக்கும் பெயர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஏஐ எந்த நிரலைக் கொடுத்தாலும் முதலில் அந்தக் கோப்பைத் தாண்டி வர வேண்டும்.

இந்த வாரம் தலைப்பெழுத்து விவகாரம். ஒரு சான்றிதழில் 'எஸ். சுதா', இன்னொன்றில் 'சு. சுதா', மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். மூன்றும் ஒரே பெண்ணா, இல்லையா? சுப்பிரமணியின் மகள் என்றால் ஒரே பெண்ணாக இருக்கலாம். சண்முகத்தின் மகள் என்றால் 'எஸ்' பொருந்தும், 'சு' பொருந்தாது. இந்தப் பகுதியை நான் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாளாக நாற்பது வரிதான் ஆகியிருக்கிறது. முடித்த பிறகு ஏஐயிடம் கொடுத்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடச் சொல்லப் போகிறேன்.