பிப்ரவரி சம்பளத்தில் பிடித்தால் வட்டி இல்லை

ஜனவரி பிறந்தாலே எங்கள் ஸ்டாஃப் ரூமில் வருமான வரிப் பேச்சு தொடங்கிவிடும். பிப்ரவரி சம்பளத்தில் யாருக்கு எவ்வளவு பிடித்தம், கையில் எவ்வளவு மிஞ்சும், இதுதான் இன்டர்வெல் முழுக்க. இந்த வருடம் நான் எல்லாரிடமும் இன்னொன்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதை இங்கேயும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. 2025 செப்டம்பரில் ரிட்டர்ன் போடும்போது 2,500 ரூபாய் வட்டி கட்டினேன். ஜனவரியிலேயே பள்ளி ஆபீசில் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு பைசாகூடக் கட்ட வேண்டியிருந்திருக்காது.

நடந்தது இதுதான். குலசேகரம் பக்கம் அப்பா வைத்திருந்த ரப்பர் தோட்டத்தை விற்றதில் என் பங்காக வந்த 30 லட்சத்தை மார்த்தாண்டத்தில் ஒரு பாங்கில் 7 சதவீதத்துக்கு எஃப்.டி. போட்டேன். வருடத்துக்கு 2,10,000 ரூபாய் வட்டி. பாங்கில் அதிலிருந்தே 10 சதவீதம் வரியாக, அதாவது டி.டி.எஸ்., பிடித்தார்கள், 21,000. சம்பளத்துக்கான வரியைப் பள்ளியிலேயே பிடித்தாயிற்று. இரண்டு பக்கமும் பிடித்துவிட்டார்கள், இனி என்ன பாக்கி என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

எனக்கு ரிட்டர்ன் போட்டுத் தருபவன் என்னிடம் பிளஸ் டூ படித்த பையன், இப்போது நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கிறான். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டுச் சொன்னான்: "சாரே, பேங்குல பிடிச்சது பத்து. ஒங்களுக்கு இருபது வருது. மிச்சத்த யாரு கெட்டுவா?"

கணக்கு இப்படி. 2024-25இல், புதிய வரி முறையில், நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) போக என் சம்பளம் 12,25,000. வட்டியைச் சேர்த்தால் 14,35,000. அதாவது அந்த 2,10,000 முழுவதும் 20 சதவீத ஸ்லாபில் வந்து உட்கார்கிறது. வரி 42,000, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 43,680. பாங்க் பிடித்த 21,000 போனால் மீதி 22,680. டி.டி.எஸ். எல்லாம் கழித்த பிறகு பாக்கி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால் அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி, கட்டியிருக்க வேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். நான் எதுவும் கட்டவில்லை. அட்வான்ஸ் டாக்ஸ் எல்லாம் கடை வைத்திருப்பவர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

தவணை தவறியதற்கு வருமான வரிச் சட்டம் 234சி பிரிவில் வட்டி. முதல் மூன்று தவணைக்கும் கட்டாமல் விட்ட தொகைக்கு மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாத வட்டி, மார்ச் தவணைக்கு ஒரு மாதம். எனக்கு வந்தது 102, 306, 510, 226, மொத்தம் 1,144. அப்புறம் 234பி. இது ஏப்ரல் 1இலிருந்து பாக்கியைக் கட்டும் மாதம்வரை மாதம் 1 சதவீதம், ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. ரிட்டர்ன் கடைசித் தேதியை ஜூலையிலிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளிவைத்தார்களே, அதை நம்பி நானும் செப்டம்பர்வரை இருந்துவிட்டேன். தள்ளிவைத்தது ரிட்டர்னைத்தான், 234பி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதம், 1,356.

90 சதவீதம் கட்டியிருந்தால் 234பி வராது என்று எங்கோ படித்த ஞாபகம் இருந்தது. "மொத்த வரியில தொண்ணூறு சதவீதத்துக்கிட்ட டி.டி.எஸ்.லயே போயிருக்குமே தம்பி" என்று கேட்டேன். அந்த 90 மொத்த வரியில் இல்லையாம். டி.டி.எஸ். கழித்தபின் மீதி நிற்கிறதே, அந்த 22,680இல் 90 சதவீதத்தை அட்வான்ஸாகக் கட்டியிருக்க வேண்டும். நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகனிடம் பேசியபோது அங்கே வேறு மாதிரி என்றான். அங்கே 90 சதவீதம் மொத்த வரியில், சம்பளத்தில் பிடித்ததும் அதில் சேரும், ஆண்டுக் கடைசியில் பிடித்திருந்தாலும் நான்கு தவணைக்கும் சமமாகப் பிரித்துக் கட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் அவன் நவம்பரில் ஒரு கணக்குப் பார்த்து, குறைகிற மாதிரி இருந்தால் கம்பெனியில் டபிள்யூ-4 படிவத்தை மாற்றிக் கொடுத்து, மீதிச் சம்பளங்களில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லிவிடுவானாம்.

இதைக் கேட்ட பிறகுதான் நம் சட்டத்திலும் அப்படி ஒரு வழி இருப்பது எனக்கு உறைத்தது. நம்மிடம் தவணைக் கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே அந்த வருடத்து டி.டி.எஸ். மொத்தத்தையும் கழித்துவிடுகிறார்கள். ஏப்ரலில் பிடித்ததா, மார்ச்சில் பிடித்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. பிப்ரவரியில் மொத்தமாகப் பிடித்தாலும் நம் ஆசிரியர்களுக்குத் தவணை வட்டி வராமல் இருப்பது இதனால்தான். அப்படியென்றால் அதே 22,680ஐ நானே பிப்ரவரியில் சலான் போட்டு அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்டியிருந்தால், ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகளுக்கு 918 ரூபாய் வட்டி வந்தே தீரும். அதே மாதம், அதே தொகை, பள்ளியில் சொல்லிச் சம்பளத்தில் பிடித்திருந்தால் வட்டியே இல்லை. பணம் போய்ச் சேரும் இடமும் ஒன்றுதான். இது தெரியாமல் எத்தனை பேர் வருடா வருடம் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ.

வேறு வருமானம் இருந்தால் அதையும், அதில் பிடித்த டி.டி.எஸ்.ஸையும் வேலை செய்யும் இடத்தில் எழுதிக் கொடுக்கலாம், அதையும் சேர்த்து அவர்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். 1961 சட்டத்தில் 192(2பி) இதற்குத்தான். வெளியே பிடித்த டி.டி.எஸ். விவரத்தைக் கொடுக்க 2024 அக்டோபரிலிருந்து 12பிஏஏ என்று ஒரு படிவமும் இருக்கிறது. 2026 ஏப்ரலிலிருந்து புதிய சட்டம், அதில் இந்த எண்கள் வேறு, அதனால் எண்ணைவிட விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் இந்தத் தொல்லை கிடையாது. எங்கள் அம்மாவுக்கும் எஃப்.டி. இருக்கிறது, ஆனால் 60 வயது தாண்டி, தொழில் வருமானம் எதுவும் இல்லாதவர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸே இல்லை, ரிட்டர்னோடு கட்டினால் போதும். மச்சான் சின்னக் கடைக்காரர், 44ஏடி பிரிவில் விற்றுவரவை வைத்துக் கணக்குக் காட்டுகிறார், அவருக்கு மார்ச் 15 ஒரே தவணை.

2025-26இல் ஸ்லாப் மாறியதில் என் எஃப்.டி. வட்டி 15 சதவீதத்துக்குள் வருகிறது. செஸ்ஸோடு 32,760, பாங்க் பிடிப்பது போக 11,760. 10,000ஐத் தாண்டிவிட்டது. போன திங்கட்கிழமை பாங்க் வட்டிச் சான்றையும் என் பெயரில் பிடித்த வரியெல்லாம் காட்டும் 26ஏஎஸ் பிரிண்டையும் ஒரு தாளோடு பின் பண்ணி ஆபீசில் கொடுத்தேன். "மற்றவங்க பிடித்தத்தைக் குறைக்கக் கேப்பாங்க, நீங்க கூட்டிப் பிடிக்கச் சொல்றீங்களே சார்" என்று கிளார்க் அக்கா ஆச்சரியப்பட்டார்கள். அந்த 918 ரூபாய்க் கணக்கைத் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, தன் பெயரில் தபால் ஆபீசில் இருக்கும் டெபாசிட்டுக்கும் இப்படிக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கொடுக்கலாம். அதற்குத் தபால் ஆபீசில் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும், நாளைக்கு அவர்களுடைய 26ஏஎஸ்ஸைத் திறந்து பார்க்கப் போகிறோம்.