மரியோஃபில் குன்றில் மாலை செபம்

பினாங்குப் பக்கம் திருயாத்திரை என்றால் நம்மவர்களுக்கு புக்கிட் மெர்த்தாஜாம்தான். ஜூலை 26 புனித அன்னம்மாள் திருவிழாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து பஸ் பஸ்ஸாகப் போவோம். இந்த முறை அத்தை வேறு கணக்குப் போட்டிருந்தார். "அன்னம்மாளை அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி. முதல்ல காலேஜ் ஜெனரல்ல ஒரு மாலை செபத்துக்கு உட்காரணும்." காலேஜ் ஜெனரல் என்பது பினாங்கில் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடம். அத்தை 1961-இல் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். குடும்பத்தில் பெரியவர் சிறியவர் எல்லாருக்குமே அவர் 'சிஸ்டர் அத்தை'.

போகிற வழியில் பினாங்கின் கர்னியில் இறங்கினோம். லசால் சகோதரர்களின் புனித சூசையப்பர் நவதுறவு இல்லம் இப்போது ஒரு பேரங்காடிக்குள் நிற்கிறது. இடிக்காமல் விட்டார்களே என்று சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. இளம் துறவிகள் மணி அடித்ததும் செபத்துக்கு ஓடிய வளாகத்தில் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. "பசியாறத்தானே வந்திருக்காங்க, விடு."

காலேஜ் ஜெனரலின் கதை பினாங்கை விடப் பெரியது. 1665-இல் சயாமின் அயுத்தியாவில் பாரிஸ் வேதபோதக சபையார் தொடங்கிய குருமடம் அது. போரும் மதத் துன்புறுத்தலும் துரத்தத் துரத்த இடம் மாறி, 18-ஆம் நூற்றாண்டில் சில காலம் புதுச்சேரி அருகே நம் வீராம்பட்டினத்திலும் இருந்திருக்கிறது! கடைசியில் 1808-இல் பினாங்குக்கு வந்தது. சீனர், வியட்நாமியர், சயாமியர், பர்மியர் என்று ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத பையன்கள். பாடம், செபம், சாப்பாட்டு மேசைப் பேச்சு எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது இலத்தீன்தான். இங்கே கற்பித்த ஷாஸ்தான், இம்பெர் ஆகிய இரு பிரெஞ்சுக் குருக்களும் பிறகு கொரியாவுக்குப் போய் 1839-இல் தலை வெட்டப்பட்டு மறைசாட்சிகள் ஆனார்கள். அவர்களுக்குப் புனிதர் பட்டம் கிடைத்த 1984-இல்தான் குருமடமும் புலாவ் திக்குஸிலிருந்து தஞ்சோங் பூங்கா குன்றுக்கு, மரியோஃபிலுக்கு, மாறியது.

மேடு ஏற அத்தைக்கு மூச்சு வாங்கியது. அனுமதி கேட்டுவைத்திருந்ததால் பின் வரிசையில் இடம் கிடைத்தது. செபம் ஆங்கிலத்தில். இரண்டு அணியாகப் பிரிந்து திருப்பாடலை மாறி மாறிச் சொன்னார்கள். ஒவ்வொரு அடியின் நடுவிலும் ஒரு நிறுத்தம். நான் வழக்கம்போல அடுத்த பாதிக்குத் தாவினேன். அத்தை முழங்கையால் இடித்தார். அந்த இடைவெளியில் யாரும் எதுவும் செய்வதில்லை, மூச்சை விட்டு மூச்சை இழுப்பதோடு சரி. மூன்றாவது திருப்பாடலில்தான் எனக்குப் பிடிபட்டது: அங்கே நிற்காவிட்டால் இருபது பேர் ஒரே குரலாக மறுபடி தொடங்கவே முடியாது. துறவு மடங்களில் பல நூற்றாண்டுகளாகப் பாட்டைக் கட்டிக் காத்தது இந்த நிறுத்தம்தான் என்பேன்.

வெளியே வந்ததும் அத்தையின் வாயைக் கிளறினேன். மடத்தில் சேர்ந்தபோது மரியன்னைக்கு நாள்தோறும் ஓதும் சிறு கட்டளைச் செபத்தை இலத்தீனில்தான் சொன்னார்களாம். "அர்த்தம் பாதி தெரியாது. ஆனா பாட்டு மறக்காது." பிறகு ஆங்கிலம் வந்தது, இளம் சகோதரிகள் கிட்டாரோடு வந்தார்கள். அழுதீர்களா என்று கேட்டேன். "எதுக்கு? திருப்பாடல்ல தாவீது இவ்வளவு கோபப்படுறார்னு அன்னிக்குத்தானே தெரிஞ்சுது!"

நான் இலத்தீன் போயிற்றே என்று புலம்புகிறவன் இல்லை. ஆனால் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1963 டிசம்பர் 4-ஆம் தேதி வெளியான இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் வழிபாட்டு ஏடு தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. அதே ஏடு இலத்தீனில் கருவியில்லாமல் பாடும் பழைய கிரகோரியன் இசைக்கே முதலிடம் என்றும் சொன்னது. அதில் கையெழுத்திட்ட திருத்தந்தை ஆறாம் பவுல், 1966-இல் துறவு சபைத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதி, மடத்தின் கூட்டுச் செபத்தில் இலத்தீனை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். பெரும்பாலான மடங்கள் கேட்கவில்லை. 'பிரைம்' என்ற காலை மணி செபம் நீக்கப்பட்டது. குருக்களும் பல துறவியரும் ஒரே வாரத்தில் ஓதி வந்த திருப்பாடல்கள் நான்கு வாரங்களுக்குப் பரப்பப்பட்டன. ஒரே நாளில் நம் முன்னோர் முடித்ததை நாம் ஒரு வாரத்திலாவது முடிக்க வேண்டாமா என்று சோம்பலைக் கடிந்து எழுதிய, துறவு மடங்களுக்கு ஒழுங்கு வகுத்த ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்ட்) இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

என் வருத்தம் வேறு. மொழி மாறிய வேகத்தில், கருவி இல்லாமல் எல்லாரும் சேர்ந்து பாடும் பழக்கத்தையும் பல இடங்களில் கைகழுவிவிட்டோம். தமிழுக்கு இது அந்நியமும் இல்லை. தாளமில்லாமல் சொல்லின் நீளத்துக்கு இழுத்துப் பாடும் விருத்தம் நம்மிடம் இருக்கிறது. இலத்தீன் மெட்டு சொல்லழுத்தத்தை நம்பி முடியும். தமிழில் அந்த அழுத்தம் இல்லை, குறிலும் நெடிலும்தான். அதனால் அந்த மெட்டை அப்படியே தமிழில் போட்டால் நொண்டும். விருத்தத்தின் வழியில் போனால் நொண்டாது. குளித்தலை அருகே காவிரிக் கரையில் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமத்தில் சமஸ்கிருதமும் தமிழ்ப் பஜனையும் ஆரத்தியும் செபத்துக்குள் வந்தன. அத்தைக்கு அது கொஞ்சம் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கோலாலம்பூரில் எங்கள் செந்தூலுக்குத் திரும்பியதும் எங்கள் பாடகர் குழுவில் பேச்சை எடுத்தேன். திருப்பலியின் பதிலுரைப் பாடலுக்குக் கீபோர்டு வேண்டாம், நடுவில் நிறுத்தி விருத்தம் மாதிரிப் பாடலாம் என்றேன். கீபோர்டு தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். தவக்காலத்தில் இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டுமே வரவேண்டும் என்று திருப்பலி நூலின் விதியே சொல்கிறது என்று எடுத்துக் காட்டினேன். அவன் வாங்கி முழுவதையும் படித்தான். "சரிண்ணே, தவக்காலம் முழுக்க உங்க இஷ்டம். ஆனா நாலாம் ஞாயிறுக்கு விதிவிலக்குன்னு இதுலயே போட்டிருக்கு. அன்னிக்கு நான் வாசிப்பேன்."