ஓடுவதா, ஓட்டுவதா?

தண்ணீர்ப் பம்பு ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். எச்சரிக்கைப் பகுதியில் மூன்றே சொற்களில் ஒரு வரி: 'நெவர் ரன் ட்ரை'. 'உலர்ந்த நிலையில் ஓட்டக் கூடாது' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். சரிபார்த்த மூத்தவர் மெக்கானிக்காக இருந்துவிட்டு மொழிபெயர்ப்புக்கு வந்தவர். அந்த வரியில் விரலை வைத்தார்.

"அப்படியானால் மோட்டார்மேல் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு ஓட்டலாமா, தம்பி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பம்புக்குள் இருக்கும் தண்ணீர்தான் சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் 'சீல்' என்ற அடைப்பைக் குளிர வைக்கிறது. அது இல்லாமல் சுற்றினால் சீல் சூடேறிக் கெட்டுப்போகும். சொல்ல வந்தது அவ்வளவுதான். என் வரியை நம்பி யாராவது மின்சார மோட்டாரை நனைத்திருந்தால்? 'உள்ளே தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டாதீர்கள்' என்று மாற்றினோம்.

அன்றிலிருந்து 'ரன்' என்ற வினை வந்தாலே பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத்தான் மேலே படிக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்த ஒரு வினைக்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பதிவைத் திருத்தி எழுத அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அதன் வேரைத் தேடிப் போனபோதுதான் என் தடுமாற்றத்துக்குக் காரணம் புரிந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்றொரு வினை இருந்தது. நீர் பாய்வதையும் அது குறித்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'ரின்னன்' என்றால் ஒழுகுதல், 'ரென்னன்' என்றால் விரைந்து ஓடுதல். இரண்டாவது சொல் ஆதியில் 'ஓடச் செய்தல்' என்ற பொருளில் பிறந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. நாமோ ஓர் ஒற்றை இரட்டித்து, ஓடு வேறு, ஓட்டு வேறு என்று வைத்திருக்கிறோம். ஆங்கிலம் மறைத்துவிட்டதைத் தமிழில் எழுதுகிறவன் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்துச் சொல்லியாக வேண்டும்.

அதோடு முடிவதில்லை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் நிறுவனத்தை ஓட்டுகிறார்கள், நாம் நடத்துகிறோம். அங்கே மூக்கு ஓடும், இங்கே ஒழுகும். அங்கே சாயமும் ஓடும், டப்பாவில் சர்க்கரையும் ஓடும்; நமக்குச் சாயம் போகும், சர்க்கரை தீர்ந்துபோகும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார், பிரிட்டிஷ்காரர் நிற்கிறார். இந்த ஓர் இடத்தில் தமிழ் பிரிட்டிஷ்காரர் பக்கம். ஆனால் கடிகாரம் எங்கேயும் ஓடத்தான் செய்கிறது. இதில் எனக்கு ஏனோ தனி மகிழ்ச்சி.

போன வாரம் ஓர் ஆய்வக அறிக்கை வந்தது. பதினோரு வட்டங்கள். இயக்கு, நடத்து, நீடி, செயல்படு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டே போனேன். 'ஓடு' என்று அப்படியே எழுத ஓர் இடம்தான் கிடைத்தது: குழாயில் தண்ணீர் ஓடிய இடம்.